கடல் கடந்த முன்னோரும் நம் வாய்மொழி வரலாறும்

(வெள்ளி விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டபோது, கல்வியின் சிறப்பைப் பற்றியே பேசலாம் என்று முதலில் எண்ணினேன். ஆயினும் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்வியின் சிறப்பைச் செயலில் காட்டிவரும் ஒரு சங்கத்தின் மேடையில் நின்று அதனைச் சொல்லால் விளக்குவது மிகையாகும். ஆகவே, எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட நாம், எழுத்தறியாத நம் முன்னோரிடமிருந்து கேட்டு எழுதிவைக்கத் தவறிய ஒரு செல்வத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். அச்செல்வம் நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் குடும்பக் கதைகளாகும்.

இங்கே கூடியிருக்கும் குடும்பங்களுள் பெரும்பாலானவை இலங்கையின் மலைத்தோட்டங்களிலிருந்து வந்தவை. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி, அங்கிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அவ்வாறு பிரிக்கப்பட்டவர்கள் நம் தாய் தந்தையர்.

அரசு ஏடுகள் நம்மைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று குறித்தன. ஆனால் என் தந்தையைப் பெற்ற அப்பாயி, அந்தத் தாயகத்தை அதற்கு முன் ஒருநாளும் கண்டவரல்லர். அவர் கண்டிச் சீமைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். 1973இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் அவர் இறங்கியபோது எண்பதை நெருங்கிய வயது. அவர் அறிந்திருந்த இந்தியா முழுவதும், அவருடைய தாயார் அடுப்படியில் அமர்ந்து வாயால் சொன்ன இந்தியாவே. அந்தக் கதைகளை நான் பதினைந்து வயதில் கேட்டபோது, கிழவி கதை என்று எண்ணிப் பாதிக் காதால் கேட்டேன். அந்தக் குற்றத்திற்குக் கழுவாயாகவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன்.

கதை என்றாலே பொய் என்றும், ஏட்டில் இருப்பதே மெய் என்றும் எண்ணுகின்ற பழக்கம் படித்தவர்களிடையே உண்டு. நம் மக்களைப் பொறுத்தவரை அந்த ஏடுகள் எத்தகையவை என்பதை முதலில் காண்போம்.

பிரிட்டிஷ் பேரரசில் 1834இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. மொரீசியசு, நேட்டால், பீஜி முதலிய நாடுகளுக்கு நம் நாட்டவர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதுமுதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,184 பேர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம், உடலிலுள்ள அடையாளம் ஆகியன கப்பல் பதிவேட்டில் குறிக்கப்பட்டன. பெயர்களை எழுதியவன் தன் காதில் விழுந்தபடி எழுதினான்; சாதியை இழிசொல்லால் எழுதினான். எனினும் அப்பதிவேடுகள் இன்றும் உள்ளன. தென்னாப்பிரிக்காவில் வாழும் ஒரு பேரன் முயன்றால் தன் பூட்டனின் பெயரையும் ஊரையும் அவற்றில் கண்டெடுக்க இயலும்.

இலங்கைக்குச் சென்ற நம் முன்னோரின் நிலை வேறு. அங்கே ஆள் திரட்டியவன் கங்காணி. அவன் ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக அழைத்துச் சென்றான். அம்முன்பணம் கடனாயிற்று. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குச் செல்வதானால், கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டும் கூடவே சென்றது. 1921இல் அத்துண்டு முறை ஒழிக்கப்பட்டது. கங்காணியின் கணக்கில் நம் பாட்டன் பட்ட கடனுக்கு இடமிருந்தது. அவர் எந்த ஊரார், யார் மகன், ஏன் புறப்பட்டார் என்பதற்கு இடமில்லை. தொடக்க காலத்தில் படகேறிச் சென்றோரைத் தனித்தனியே பெயர் குறித்துவைத்த ஏடு அரிது. ஆதலின் நேட்டால் சென்றோரின் வழியினருக்கு ஏடு ஓரளவேனும் துணை நிற்கின்றது. நமக்கோ பாட்டியின் வாய் ஒன்றே துணை.

வாய்மொழிக்கு மதிப்பில்லாத காலத்தில் நேர்ந்தது என்ன என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் வழிவழிக் குடிமகனாக வேண்டுமாயின் தம் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்பதையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்பதையோ மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. லயத்தில் பிறந்து லயத்திலேயே மாண்டவர்களுக்குப் பிறப்புச் சான்று ஏது? பாட்டன் எந்த லயத்தில், எந்தப் பெருமழையில் பிறந்தான் என்பதைச் சொல்லப் பாட்டி இருந்தாள். அவள் சொல் சான்றாக ஏற்கப்படவில்லை. பல இலட்சம் மக்கள் எந்த நாட்டுக்கும் உரியவராகாமல் நின்றனர். அங்கேயே தங்கிவிட்டவர்களில் நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகவே முழுமையான தீர்வு கிட்டியது.

இனி, என் குடும்பத்தில் வழங்கிய கதையைக் கூறுகின்றேன். அதன் சிறப்புக்காக இதனைக் கூறவில்லை. உங்கள் வீட்டுக் கதையும் ஏறத்தாழ இவ்வாறே இருக்கும் என்பதால் கூறுகின்றேன்.

அப்பாயி சொல்லிவந்தது இது. தாது வருசப் பஞ்சத்தில் துறையூர்ப் பக்கத்திலிருந்து மூன்று குடும்பங்கள் புறப்பட்டன. கங்காணி வந்து, ‘கண்டிச் சீமையில் தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும்’ என்று ஆசை காட்டினான். கால்நடையாகக் கடற்கரை சேர்ந்து, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் பேதி நோய் கண்டு பலர் மாண்டனர். இவ்வளவே கதை.

இதனைச் சற்று ஆராய்வோம். தாது வருடம் என்பது 1876 ஏப்ரல் முதல் 1877 ஏப்ரல் வரையிலான ஆண்டு. சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும்பஞ்சம் 1876 முதல் 1878 வரை நிலவியது. ஆகவே அப்பாயி சொன்ன காலம் பொருந்துகின்றது. ஆண்டின் எண்ணை அறியாத மூதாட்டி, ஆண்டின் பெயரைத் தவறாமல் காத்துவந்தார். ஆனால் தேயிலை பொருந்தவில்லை. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடத் தொடங்கினார் என்பது மெய். எனினும் 1877இல் மலைநாட்டில் பெரும்பாலும் கோப்பியே இருந்தது. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி சிறிது சிறிதாக அழிந்தபின்னரே தேயிலை எங்கும் பரவிற்று. என் பூட்டனை அழைத்த கங்காணி கோப்பித் தோட்டத்திற்குத்தான் அழைத்திருக்க வேண்டும். தேயிலை என்பது, கோப்பியைக் கண்ணால் காணாத பிற்காலத்தார் தாம் கண்ட செடியைக் கதையில் நட்டுக்கொண்டது.

அப்படியாயின் கதை பொய்யா? அன்று. தேங்காயும் மாசியும் பற்றிய இப்பேச்சு மலையகத்தின் எல்லாத் தோட்டங்களிலும் வழங்கியது. மொரீசியசுத் தீவுக்குச் சென்றோரின் வழியினர், கல்லைப் புரட்டினால் தங்கம் கிடைக்கும் என்று ஆள் பிடிப்போர் ஏமாற்றியதாகச் சொல்கின்றனர். நாடுகள் வெவ்வேறு, பொருள்கள் வெவ்வேறு, ஏமாற்று ஒன்றே. செடியின் பெயர் மாறியிருக்கலாம். ஏமாற்றப்பட்டோம் என்னும் செய்தி மாறவில்லை. ஆகவே ஒரு குடும்பக் கதையைக் கேட்கும்போது, இது மெய்யா பொய்யா என்று மட்டும் கேட்டு நின்றுவிடலாகாது. இதில் எது அன்றைய செய்தி, எது பின்னர் சேர்ந்தது, ஏன் சேர்ந்தது என்று கேட்டல் வேண்டும்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் ஆடிப் பதினெட்டுப் படையலின்போது இலையின் ஓரத்தில் ஒரு பிடி சோறு தனியே வைக்கப்படும். அதனைக் காக்கைக்கும் இடமாட்டார்கள். வழியோரத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். ஆண்கள் எவருக்கும் காரணம் தெரியாது. என் தந்தையைக் கேட்டேன்; பழக்கம் என்றார். என் தாயார்தாம் ஒருநாள் சொன்னார். மருமகளாய் வந்த ஆண்டில் அப்பாயி அவரிடம், “ஒரு பிடி சோத்த ஓரமா வையி தாயி, அது வழியில நின்னுபோன புள்ளைக்கு” என்று கூறினாராம். மாத்தளைக்கு நடந்த வழியில் என் பூட்டி தன் முதற்குழந்தையை இழந்திருக்கின்றாள். புதைப்பதற்கும் கங்காணி நேரம் தரவில்லை. வழியில் பலர் மாண்டனர் என்று ஆண்கள் சொன்ன கதையில் அக்குழந்தை ‘பலர்’ என்னும் சொல்லுக்குள் மறைந்துவிட்டது. பெண்கள் அதனை ஒரு பிடி சோற்றில் காத்துவந்தனர். இளைஞர்களே, உங்கள் வீட்டில் காரணம் தெரியாத பழக்கம் ஏதேனும் இருந்தால், மூடப்பழக்கம் என்று தள்ளுவதற்கு முன் ஒருமுறை பெண்களைக் கேளுங்கள்.

நாங்கள் வந்த மறு ஆண்டு, எனக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அது இருந்தால்தான் விடுதியில் இடமும் உதவித்தொகையும் கிடைக்கும். பூர்விக ஊர் எது என்று ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள். எங்களிடமிருந்த குடும்ப அட்டையில் தோட்டத்தின் பெயர் இருந்ததே அன்றி ஊரின் பெயர் இல்லை. ஊர் தெரியாதவனுக்குச் சாதியை எப்படி எழுதுவது என்றார்கள். தோட்டத்தில் எந்த லயம் எந்தச் சாதிக்கு என்று அறியாதார் எவருமில்லை. கடல் கடந்தும் விடாத அந்தச் சாதி, கரை திரும்பியபோது சான்றில்லாமல் நின்றது! அன்றிரவு அப்பாயி சொன்னார்: “ஊருப் பேரு எனக்குத் தெரியாது. ஏரிக்கு மேற்க, கரட்டடியில, ஏழு கன்னிமாரு கோயில். கோயிலுக்குத் தெக்க நம்ம தெரு. கரட்டுல ரெண்டு பாறை ஒண்ணு மேல ஒண்ணா நிக்கும்.” தாம் காணாத ஊரைத் தம் தாயின் கண்ணால் அவர் சொன்னார்.

தந்தையாரும் நானும் துறையூர் சென்று நான்கு நாட்கள் அலைந்தோம். நான்காம் நாள் அந்த இரட்டைப் பாறையைக் கண்டோம். ஏரியும் கோயிலும் தெருவும் அப்பாயி சொன்ன திசையிலேயே இருந்தன. தெருவில் அப்பாயியின் வயதொத்த பெரியவர் ஒருவர் இருந்தார். கண்டிக்குப் போன மூன்று குடும்பங்களைப் பற்றிக் கேட்டோம். அவர் நெடுநேரம் எங்களைப் பார்த்துவிட்டுக் கதையின் மறுபாதியைச் சொன்னார்.

என் பூட்டனும் அவருடைய தம்பியும் ஒரு நிலக்கிழாரிடம் படியாட்களாக இருந்தவர்கள். பஞ்சம் முற்றியபோது தம்பி நெல் கேட்டார். கேட்டதற்காகக் களத்துமேட்டில் கட்டிவைத்து அடிக்கப்பட்டார். அன்றிரவே மூன்று குடும்பங்களும் கங்காணியோடு போய்விட்டன. அவர்கள் பட்டிருந்த கடன் தெருவில் எஞ்சியிருந்த உறவினர் தலையில் விழுந்தது. “உங்க பூட்டன் கடன எங்க அப்பனும் சித்தப்பனும் உழைச்சுக் கழிச்சாங்க தம்பி. நான் மாடு மேய்ச்சதும் அந்தக் கணக்குலதான்” என்றார் பெரியவர். அதில் சினம் இல்லை. ஒரு கணக்கை ஒப்படைப்பவர் போலச் சொன்னார். பிறகு எங்களுக்குக் கம்பங்கூழ் கொடுத்தார். மறுநாள் எங்களோடு நடந்து வந்து, இவர்கள் எங்கள் வகையறா என்று கிராம அதிகாரியிடம் சாட்சி சொன்னார். அந்தச் சாட்சியினால்தான் நான் படித்தேன், ஆசிரியனானேன்.

வீடு திரும்பி அப்பாயியிடம் கூறினோம். அவர் வியப்படையவில்லை. “எங்கம்மா சொல்லியிருக்கா. விட்டுட்டு ஓடியாந்தவங்கன்னு புள்ளைக நெனைச்சிரக் கூடாதுன்னு நான் சொல்லல” என்றார்.

அன்பர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். நம் கதைகளிலிருந்து சில செய்திகள் தாமாக உதிர்ந்துவிடுகின்றன. வேறு சிலவற்றை நாமே வெட்கத்தினால் மறைக்கின்றோம். பஞ்சத்தால் போனோம் என்று சொல்வது எளிது. அடிக்கு அஞ்சி இரவோடிரவாகப் போனோம் என்பதும், நம் கடனை மற்றவர் சுமந்தனர் என்பதும் சொல்லக் கடினம். கடினமானதை விட்டுவிட்டால், எஞ்சும் கதை நம் துன்பத்தை மட்டுமே கூறும். அதற்குக் காரணமானவர் எவர், நமக்காக உழைத்தவர் எவர் என்பதைக் கூறாது. என் பூட்டன் ஓடியதில் இழிவு ஏதுமில்லை. நெல் கேட்டவனைக் கட்டிவைத்து அடித்ததே இழிவு. அவ்விழிவை மறைத்து நாம் பாதுகாத்தது நம் மானத்தை அன்று, அடித்தவனின் மானத்தை! கரையில் நின்றவர்களும் கடல் கடந்தவர்களும் ஒரே கடனின் இரு பக்கங்கள் என்பதை நூறு ஆண்டுகள் நாம் அறியாதிருந்தோம். இன்றும் பொங்கலுக்கு அந்தப் பெரியவர் வீட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து புத்தாடை செல்கின்றது. கடனைத் தீர்ப்பதற்காக அதனை அனுப்பவில்லை. கடனை மறவாதிருப்பதற்காகவே அனுப்புகின்றோம்.

வாய்மொழியை எழுத்தாக்கிய பெரியோர் நம்மிடையே இருந்திருக்கின்றனர். அயோத்திதாசப் பண்டிதர், தம் பாட்டனாராகிய கந்தப்பன், வெள்ளைக்காரத் துரையொருவரிடம் சமையல்காரராக இருந்தவர், திருக்குறள் ஏட்டை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்த செய்தியை எழுதிவைத்தார். எழுதாதிருந்தால் அது ஒரு வீட்டுத் திண்ணைப் பேச்சாகவே முடிந்திருக்கும். அவர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் கோலார் தங்கவயலிலும் இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாழ்ந்த நம் மக்களிடம் சென்றது. நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். இவர்கள் செய்த பணியின் ஒரு சிறு பகுதியை நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டளவில் செய்யலாகாதா?

செய்ய வேண்டிய முறையைச் சுருங்கக் கூறுகின்றேன். பெரியவர்களிடம் ஆண்டின் எண்ணைக் கேட்காதீர்கள். தமிழ் ஆண்டின் பெயரைக் கேளுங்கள். அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் மீளும். தாது என்பது 1876லும் வந்தது, 1936லும் வந்தது. ஆகவே வேறு அடையாளங்களோடு ஒப்பிடுங்கள். நடந்து போனார்களா, இரயிலில் போனார்களா என்று கேளுங்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இரயிலும் கப்பலும் இணைந்த வழி 1914இல் திறக்கப்பட்டது. கழுத்தில் தகர டிக்கெட் கட்டியதாகச் சொன்னால், அது இருபதாம் நூற்றாண்டுப் பயணம். அந்தத் தகரம் பெட்டியடியில் கிடந்தால் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். குடும்ப அட்டை, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பிறப்புச் சீட்டு யாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

ஆண்களைக் கேட்டபின் பெண்களைத் தனியே கேளுங்கள். இருவர் கூற்றும் மாறுபட்டால் ஒன்றை அடித்துவிடாமல் இரண்டையும் எழுதுங்கள். பெரட்டுக்களம், கவ்வாத்து, கொழுந்து என்று அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். அழுதால் நிறுத்திவிடுங்கள், மற்றொரு நாள் கேளுங்கள். எழுதியதை அவர்களிடமே படித்துக் காட்டுங்கள். வெளியில் சொல்ல வேண்டாம் என்று அவர்கள் கூறும் செய்தியை வீட்டு ஏட்டில் மட்டும் வையுங்கள்.

என் அப்பாயி 1981இல் மறைந்தார். அவருடைய தாயின் பெயரை, ஆடிப் படையலில் ஒரு பிடி சோறு ஒதுக்கிய அந்தப் பூட்டியின் பெயரை, நான் கேட்கவேயில்லை. ‘எங்கம்மா’ என்றே அவர் எப்போதும் சொன்னார். நானும் அது போதும் என்று இருந்துவிட்டேன். இன்று எந்த ஏட்டிலும் அப்பெயர் இல்லை; சொல்வாரும் இல்லை. உங்கள் வீடுகளில் கேட்க ஆள் இன்னும் இருக்கின்றார்கள். மாலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் தம் பூட்டியின் பெயரைக் கேட்டு எழுதட்டும். அந்த நோட்டுகளைச் சேர்த்துவைக்க நம் நூலகத்தில் ஓர் அலமாரியைச் சங்கத்தார் ஒதுக்கித் தர வேண்டுமென்று இவ்வவையில் வேண்டிக்கொள்கின்றேன். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் இம்மேடையில் நிற்பவர், ‘எனக்குப் பெயர் தெரியாது’ என்று சொல்லும் நிலை நேராதிருக்கட்டும்.